கிளாடியேட்டர் கேம்ல யாருக்கு பவர் ஜாஸ்தி?

கேள்வி: ஃபார் ஹானர் கேம்ல வர்ற கிளாடியேட்டர் (பழைய ரோம்ல கூட்டத்துக்கு முன்னாடி சண்டை போட்ட வீரன்), ரைஸ் கேம்ல வர்ற மாரியஸ், ஷேடோ ஆஃப் ரோம் கேம்ல வர்ற அக்ரிப்பா, இவங்க மூணு பேரையும் ஒரே அரீனாவுல இறக்கிவிட்டா யாரு ஜெயிப்பா? ஃப்ரெண்ட்ஸுக்குள்ள சண்டையே ஓடிட்டிருக்கு, தீர்த்து வைங்க.

பதில்: நிறைய பேரு மாரியஸ்னுதான் சொல்லுவாங்க. 2013ல எக்ஸ்பாக்ஸ் ஒன் கூடவே வந்த கேம், அதுல எதிரிய எக்ஸிக்யூஷன் (கடைசி அடி குடுத்து கொல்றது) பண்றப்போ ஹெல்த் ஏறணுமா டேமேஜ் கூடணுமான்னு நாமளே செலக்ட் பண்ணிக்கலாம், அதனால ஆள விழுத்த விழுத்த அவரு உடம்பு தேறிக்கிட்டே போகும். ஆனா அது மாரியஸோட திறமை இல்லங்க, கேம் குடுக்குற சலுகை. அத எடுத்துட்டா அவரு நல்லா பயிற்சி எடுத்த ஒரு ரோமானிய சிப்பாய், அவ்ளோதான்.

ஃபார் ஹானர்ல 2017ல சேர்ந்த கிளாடியேட்டர் அப்படி இல்ல, திரிசூலத்தால குத்தி ரத்தம் வடிய விட்டுட்டு தள்ளி நின்னு ஆடுற ஆளு, எதிரி தன்னால தேஞ்சுபோவான். அந்த கேம்ல ஸ்டாமினா தீர்ந்துட்டா எல்லாமே மெதுவாயிடும், அதனால மூச்ச கணக்கு பண்ணி அடிக்கிறவன்தான் தேறுவான்.

இருந்தாலும் என் ஓட்டு அக்ரிப்பாவுக்குத்தான். 2005ல பிளேஸ்டேஷன் 2ல வந்த கேம் அது. ஆயுதம் அடிக்க அடிக்க உடைஞ்சிரும், உடனே கீழ கிடக்குறத பொறுக்கணும், வெட்டுப்பட்ட கை கிடந்தாலும் அதையே எடுத்து அடிக்கலாம், கூட்டத்த குஷிப்படுத்துனா மேல இருந்து ஆயுதமும் சாப்பாடும் வீசுவாங்க. கையில ஒண்ணுமே இல்லாம போற நிலைமையிலயும் சண்டைய விடாதவன் மத்த ரெண்டு பேர விட ஒரு படி மேலதான? (நெஜ அக்ரிப்பா கிளாடியேட்டரே இல்ல, கி.மு. 31ல ஆக்டியம் கடல் போர்ல ஜெயிச்ச தளபதி.)

கேள்வி: கேம்ல எல்லாருக்கும் சிக்ஸ் பேக் இருக்கே, நெஜத்துலயும் அப்படித்தானா?

பதில்: இருந்திருக்க வாய்ப்பு கம்மி. துருக்கில எபேசஸ்ங்கிற பழைய ஊர்ல 1993ல கிளாடியேட்டருங்களோட இடுகாடே கெடச்சுது, எலும்ப டெஸ்ட் பண்ணி பாத்தா பார்லி, பயறு மாதிரி சாப்பாடுதான் அதிகம். அதனால உடம்புல கொஞ்சம் கொழுப்பு போட்டிருக்கும், மேலோட்டமா வெட்டுப்பட்டாலும் அது காப்பாத்தும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. மண்டையில பட்ட காயம் நல்லா ஆறுன தடமும் அந்த எலும்புல இருக்கு, அப்போ வைத்தியம் அந்த அளவுக்கு பாத்திருக்காங்க. ஒரு கேரக்டரோட பவர மஸில வச்சு அளக்காதீங்க.

கேள்வி: வலையும் திரிசூலமும் வச்சு சண்டை போடுற ரெட்டியாரியஸ்ங்கிற கிளாடியேட்டர் வகை வீக்கான ஆளா?

பதில்: ஹெல்மெட் இல்ல, பெரிய கேடயம் இல்லங்கிறதால அப்படி தோணும். அவருக்கு எதிரா இறக்குற செக்யூட்டர்ங்கிற இன்னொரு வகை கிளாடியேட்டரோட ஹெல்மெட்ட பாருங்க, வலை மாட்டக்கூடாதுன்னு வழவழன்னு உருண்டையா இருக்கும், திரிசூலம் உள்ள போகாம இருக்க கண்ணுக்கு ரெண்டு சின்ன ஓட்டைதான். அதுக்குள்ள பார்வையும் குறைவு, மூச்சும் முட்டும். அதனால ரெட்டியாரியஸ் ஓட விட்டு ஓட விட்டே ஆள களைப்பாக்குவாரு. ஃபார் ஹானர் கிளாடியேட்டருக்கு திரிசூலம் குடுத்தாங்க, வலைய குடுக்காம சின்ன கேடயத்த குடுத்துட்டாங்க, எனக்கு அது பெரிய கொறதான்.