அந்த மஞ்சளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. அடுத்த மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு விழா. அதற்காகப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் ஓர் உடை வாங்கினேன். போட்டுக் காட்டியதும் என் மகள், “இந்த வயசுல இது தேவையாம்மா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தோளும் கையும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் வேறொன்று வாங்கிக்கொள்ளட்டுமா? வயதானால் பெண்கள் உடையை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி

பதில்: வேண்டாம், திருப்பிக் கொடுக்காதீர்கள். தோள் இறுக்கத்துக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ‘பார்க்கிறவங்க’ளைப் பற்றிப் பேசிவிடுவோம்.

அவர்கள் யார்? பெயர் சொல்லச் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்காக ஒரு பெண் 40 வயதில் கையில்லாத உடையை விடுகிறாள், 50 வயதில் சிவப்பை விடுகிறாள், 60 வயதில் பூப்போட்டதை விடுகிறாள். அதே 56 வயதில் ஓர் ஆண் சிவப்புச் சட்டை போட்டு வந்தால், “ஆள் இன்னும் இளமையா இருக்காரே” என்று முதுகில் தட்டுகிறார்கள். வயதுக்கு ஏற்ற உடை என்ற விதி உண்மையிலேயே வயதைப் பற்றியது என்றால் அது அவருக்கும் பொருந்தியிருக்க வேண்டுமே? பெண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போகச் சொல்கிற விதி இது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

என் அம்மாவுக்கு அடர்நீலம் என்றால் உயிர். அறுபதை நெருங்கியபோது உறவில் யாரோ ஏதோ சொல்ல, இருந்த நீலத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். அவர் போன பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. மடிப்பு கலையாமல் இருந்தது. போட்டுப் பார்த்திருக்கலாமே, ஒரு தடவையாவது போட்டிருக்கலாமே என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் பிள்ளைகள் யாரும் அவரிடம் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை என்பதுதான் கூடுதல் வலி.

சரி, உடை மாறவே கூடாதா என்றால், மாறலாம். உடம்பு கேட்கும்போது மாற வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலம் பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் வருகிறது. திடீரென்று முகமும் கழுத்தும் தீப்பட்டதுபோல் சுட்டு, வியர்த்துக் கொட்டி, ஐந்து நிமிடத்தில் குளிரும். பாலியஸ்டருக்குள் மாட்டிக்கொண்டால் அது நரக வேதனை. பருத்தியோ லினனோ உள்ளே, சட்டென்று கழற்றிவிடக்கூடிய மெல்லிய மேலுடை ஒன்று வெளியே என்று போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம். தோள்மூட்டு இறுகிப்போகும் தொல்லையும் 40-க்கும் 60-க்கும் இடையில்தான் அதிகம் வருகிறது, அதிலும் பெண்களுக்கு. கையைப் பின்னால் கொண்டுபோய் ஹூக் மாட்டவே முடியாது. முன்பக்கம் திறக்கிற உடையை அப்போது தேடுவதில் என்ன வெட்கம்? விரல் மூட்டில் வலி இருந்தால் பொடிப் பொத்தான்களை எடுத்துவிட்டுப் பெரியதாக வைக்கச் சொல்லுங்கள். முதுகு லேசாக வளையத் தொடங்கினால் உடையின் பின்விளிம்பு மேலேறும், முன்விளிம்பு தரையைத் தொடும். படியில் காலில் சிக்குவது அந்த முன்விளிம்புதான். அதைக் கட்டாயம் உயர்த்தித் தைக்க வேண்டும்.

அப்புறம் செருப்பு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலமாகிறது, கொஞ்சம் நீளவும் செய்கிறது. முப்பது வயதில் போட்ட அளவையே கேட்டு வாங்கிக்கொண்டு, கால் வலிக்கிறது என்று வயதைக் குறை சொல்கிறோம். அடுத்த முறை நின்றபடி பாதத்தை அளந்து பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னேனே, இதில் எங்காவது நிறம் வந்ததா? மஞ்சள் நிறத்தில் உடுத்தினால் மூட்டு வலி வந்துவிடாது.

இளமையாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்று விளம்பரங்கள் இன்னொரு பக்கம் நெருக்குகின்றன. அதுவும் எனக்குப் பிடிக்காது. பத்து வயது குறைத்துக் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் எதுவும், இருக்கிற வயதைக் குற்றமாக்கித்தான் விற்கப்படுகிறது. மனதாரச் சாம்பல் நிறம் பிடித்த பெண் அதைப் போட்டுக்கொள்ளட்டும், அழகாகவே இருக்கும். உங்களுக்குப் பிடித்தது மஞ்சள்.

நியூயார்க்கில் ஐரிஸ் ஆப்ஃபெல் என்று ஒரு பெண்மணி இருந்தார். பெரிய வட்டக் கண்ணாடி, கை நிறைய வளையல், ஒன்றோடொன்று மோதும் நிறங்கள். அவர் உடுத்திய உடைகளை மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2005-இல் கண்காட்சியாக வைத்தபோது அவருக்கு 84 வயது. 97 வயதில் ஒரு மாடலிங் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2024-இல் தன் 102-ஆம் வயதில் காலமானார். எலிசபெத் ராணியும் 2016-இல், 90 வயதில், தன் பிறந்தநாள் அணிவகுப்புக்குக் கண்ணைப் பறிக்கும் பச்சையில்தான் வந்தார். பணமும் பதவியும் இருந்தவர்கள், அவர்களோடு என்னை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவர்களைப் பார்த்து ரசித்த அதே கண்கள்தானே உங்களையும் பார்க்கப் போகின்றன?

மகளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரும் உங்களைக் குறைத்துப் பேசிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. “யார் என்ன சொல்வாங்கன்னு பயப்படுறே?” என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அவளுக்கும் ஒருநாள் 56 வரும்.

இப்போது தோள் விஷயம். உள்பக்கம் தையலில் துணி விட்டிருக்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். இருந்தால் தையல்காரரிடம் கொடுத்துக் கையையும் தோளையும் தளர்த்தச் சொல்லுங்கள். துணி இல்லையென்றால் அக்குளில் சிறு துண்டு வைத்துத் தைத்துத் தருவார், வெளியே தெரியாது. விழா அடுத்த மாதம்தானே, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.