அக்காவுக்குத் தெரிந்த மிச்ச மெட்டு

கேள்வி: வயது 44. ஊர் பட்டர்வொர்த், வேலை கோலாலம்பூரில். சின்ன வயதில் இரவு படுத்ததும், பினாங்கு பெர்ரி ஜெட்டியில் நிற்காமல் கடலுக்குள் போய்க்கொண்டே இருப்பதாகக் கற்பனை செய்வேன். அதை வைத்து, பாட்டு வரி இல்லாமல், வயலினுக்கு ஓர் இசை எழுதுகிறேன். நீலாம்பரி ராகச் சாயல். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு நைட் ஷிப்ட் போன நாட்களில் அக்கா முணுமுணுத்த மெட்டுதான் தொடக்கம், பாதியிலேயே தூங்கிவிடுவேன். நான்கு நிமிடத்துக்கு மேல் இசை நகரவில்லை. அக்காவுக்கு இசை தெரியாது, அதனால் அவரிடம் சொல்லவில்லை. முடிவைப் புல்லாங்குழலுக்குக் கொடுக்கலாமா?

பதில்: புல்லாங்குழல் இருக்கட்டும் தம்பி. அக்காவுக்கு இசை தெரியாது என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்?

நீலாம்பரி தாலாட்டுக்கே பெயர் போன ராகம். சங்கராபரண ராகத்தில் பிறந்தாலும் நேராக ஏறி இறங்காது, வளைந்து வளைந்துதான் போகும். காதில் ஆழமாக விழுந்திருந்தால் ஒழிய அந்தப் பிடி வாயில் வராது. பெயர்கூடத் தெரியாமல் அதைப் பிடித்திருக்கிறார் அக்கா. வயலின் வகுப்புக்கு நீங்கள் போனீர்கள். அவர் ஏன் போகவில்லை என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எத்தனையோ அம்மாக்கள் இரவில் பேக்டரி பஸ் ஏறியிருக்கிறார்கள். வீட்டில் தம்பி தங்கைகளைத் தூங்க வைத்தது அக்காமார்தான். இந்தப் பத்திக்கு வரும் கடிதங்களில் அந்த அக்காக்கள் எப்போதும் ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பாதியிலேயே தூங்கிவிடுவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் முடிவு எப்படித் தெரியும்? தூங்கிய பிறகும் அக்கா உடனே நிறுத்தியிருக்க மாட்டார். பிள்ளை அசந்துவிட்டானா என்று பார்த்து, இன்னும் இரண்டு சுற்று பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பார். மிச்ச மெட்டு அவரிடம்தான் இருக்கிறது.

நீங்கள் கற்பனை செய்த அந்தப் பழைய பெர்ரியில் நடந்து ஏறும் பயணிகளுக்கு 2021-இல் இடமில்லாமல் போனது, வேகப் படகுதான் கிடைத்தது; 2023-இல் புதிய பெர்ரிகள் வந்துவிட்டன. அக்காவாவது இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். வயலினைக் காரிலேயே வையுங்கள், போனில் பதிவு செய்கிறேன் என்று நீட்டாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும், அந்த மெட்டு எங்கே போய் முடியும் என்று மட்டும் கேளுங்கள். ராகம் மாறினாலும் திருத்த வேண்டாம். எழுதி முடித்ததும் மெட்டுக்குக் கீழே முதலில் அவர் பெயரைப் போடுங்கள்.