சைலன்சர் போச்சு, வீல் போச்சு: வண்டிய எப்படிக் காப்பாத்துறது?

இந்த தடவ வந்த கேள்விகள்ல பெரும்பாலும் ஒரே விஷயம்தான், வண்டியில பார்ட்ஸ் திருட்டு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல பாக்கலாம், இன்னிக்கு இது மட்டும்தான்.

கேள்வி: காலையில ஸ்டார்ட் பண்ணா வண்டி காதப் பொளக்குது சார். குனிஞ்சு பாத்தா சைலன்சர் பைப்புல நடுவுல ஒரு துண்டையே காணோம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர அறுத்துட்டுப் போயிட்டாங்கன்னு மெக்கானிக் சொல்றார். பக்கத்துல நின்ன காரத் தொடல, என்னோட ஹைபிரிட்ட மட்டும் ஏன் சார்?

உங்க வண்டிய ஹைபிரிட்டுனு தெரிஞ்சேதான் எடுத்திருப்பான். அந்த டப்பாவுக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்ட ஓட்டயா ஒரு செராமிக் கட்டி இருக்கும், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மூணு உலோகத்த மெலிசா பூசியிருப்பாங்க, இஞ்சின்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு மாதிரியான விஷப்புகைய இதுங்கதான் மாத்தி அனுப்புது. இதுல ரோடியம் 2021ல தங்கத்த விட பத்து மடங்குக்கும் மேல வெலைக்குப் போச்சு, அந்த சமயத்துல பல நாட்டுல இந்தத் திருட்டு பயங்கரமா ஏறுச்சு. ஹைபிரிட்ல பெட்ரோல் இஞ்சினோட கரண்ட் மோட்டாரும் சேந்து இருக்கும், இஞ்சின் பல நேரம் ஓடாது, அதனால உள்ள இருக்குற உலோகம் அவ்வளவா தேயாம இருக்கும், அதுதான் அவன் கண்ணுல படுது. உயரமா நிக்குற எஸ்யூவி, வேன் எல்லாத்துக்கும் இதே கதிதான், ஜாக்கி கூட வேணாம், அப்படியே கீழ பூந்துடலாம்.

பேட்டரி ரம்பம் ஒண்ணு இருந்தா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். கதவத் தொறக்காம, கண்ணாடிய உடைக்காம எடுக்குறதால வண்டியோட சாதாரண அலாரம் கத்தவே கத்தாது, இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. புதுசு மாட்டும்போது அதோட சேத்து கீழ ஒரு தகடு இல்லனா கம்பிக்கூண்டு மாட்டச் சொல்லுங்க. அதையும் அறுக்கலாம்தான், ஆனா ரெண்டு நிமிஷ வேலை பத்து நிமிஷமாயிடும், பத்து நிமிஷம் ரம்ப சத்தத்தோட தெருவுல படுத்துக் கிடக்க எந்தத் திருடனும் விரும்ப மாட்டான். வண்டி சாஞ்சாலோ ஆடினாலோ கத்துற டில்ட் சென்சார் அலாரமும் தனியா கிடைக்குது, அது இந்தத் திருட்டுக்கும் வீல் திருட்டுக்கும் ரெண்டுக்குமே உதவும். புது கன்வெர்ட்டர் மேல சேசிஸ் நம்பர செதுக்கி வச்சிடுங்க.

ஒண்ணு முக்கியமா சொல்லணும், இப்ப அந்த வண்டிய ஓட்டாதீங்க. பைப் அறுந்த எடத்துல இருந்து புகை காருக்குள்ள வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, குழந்தைங்கள வச்சு ஓட்டினா ரொம்ப ஆபத்து. நின்ன எடத்துலயே போட்டோ எடுங்க, போலீஸ்ல புகார் குடுங்க, அப்புறம் டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: அண்ணா, சாவி வீட்டுக்குள்ள மேசை மேல இருக்கு, வெளிய நின்ன காரக் காணோம். கேமராவுல பாத்தா ஒருத்தன் வீட்டுக் கதவுகிட்ட ஒரு பையத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறான், இன்னொருத்தன் கார்கிட்ட நிக்கிறான், கார் தானா தொறக்குது. எப்படிண்ணா இது?

தம்பி, இதுக்குப் பேரு ரிலே அட்டாக். பட்டன் ஸ்டார்ட் வண்டி சாவி எப்பவும் சிக்னலுக்குக் காத்துட்டேதான் இருக்கும், அந்தப் பைக்குள்ள இருக்குற கருவி கார் சிக்னலயும் சாவி சிக்னலயும் நீட்டி ரெண்டையும் பேச வச்சிடுது, கார் என்ன நெனைக்கும், சாவி பக்கத்துலயே இருக்குனு நெனச்சு கதவத் தொறந்து ஸ்டார்ட்டும் ஆயிடும். 2016லயே ஜெர்மனியோட ஏடிஏசிங்கிற கார் ஓட்டுறவங்க சங்கம் பல கம்பெனி கார்கள எடுத்து இப்படித் தொறந்து காட்டிடுச்சு.

அடுத்த வண்டிக்கு சிக்னல் தடுக்குற பை வாங்கி சாவியப் போட்டு வை, ஸ்பேர் சாவியையும்தான், அத மறந்துடாத. பை வேலை செய்யுதானு நீயே பாத்துக்கலாம், சாவியப் பைக்குள்ள போட்டு கார் கதவுகிட்ட நின்னு கைப்பிடியத் தொட்டுப் பாரு, தொறந்தா அந்தப் பை வேஸ்ட். மடிச்சு மடிச்சு உள்துணி கிழியும், அதனால அப்பப்ப பாக்கணும். சில சாவி அசையாம கெடந்தா தானா தூங்கிடும், புது வண்டிங்கள்ல யூடபிள்யூபினு ஒண்ணு வருது, சிக்னல் வந்து சேர்ற நேரத்த வச்சு சாவி எவ்வளவு தூரத்துல இருக்குனு அளந்துடும்.

ஆனா பையோட நிறுத்திடாத. 2023ல இன்னொரு முறை வெளிய வந்துச்சு, கேன் இன்ஜெக்‌ஷன்னு சொல்றாங்க, பிரிட்டன்ல ஒரு டொயோட்டா ராவ்4 இப்படித்தான் போச்சு. முன்பக்க பம்பர இழுத்து ஹெட்லைட் ஒயர் வழியா காரோட நெட்வொர்க்குல நுழைஞ்சு, சாவி வந்தாச்சுனு ஒரு பொய்த் தகவல அனுப்பிடுறாங்க. இதுக்கு சாவியே வேணாம். அதனாலதான் பழைய இரும்பு ஸ்டியரிங் லாக்க நான் இன்னும் விடாம சொல்றேன், எந்த சிக்னலாலயும் அத ஏமாத்த முடியாது, வெளிய இருந்து பாக்கும்போதே தெரியும், பாத்தவன் அடுத்த வண்டிக்குப் போயிடுவான். பம்பர் ஓரம் தூக்கிட்டு இருந்தா, ஹெட்லைட் பக்கம் ஏதோ கலஞ்ச மாதிரி இருந்தா சும்மா உரசல்னு விட்டுடாத, வந்து பாத்துட்டுப் போயிருக்கான்னு அர்த்தம்.

கேள்வி: அலாய் வீல் போட்டிருக்கேன், லாக் நட் போதுமா?

லாக் நட்டுங்கிறது தனிச் சாவி இருந்தாதான் கழலுற நட், நாலு வீல்லயும் வீலுக்கு ஒண்ணாவது போடுங்க, சிலர் முன்னாடி ரெண்டுக்கு மட்டும் போட்டுட்டு விட்டுடுறாங்க. அந்த லாக்கோட சாவிய டிக்கியில ஜாக்கி கூட வைக்காதீங்க, கண்ணாடிய உடைச்சவன் கையில நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். ஆனா பஞ்சர் ஆகுற அன்னிக்கு கையில இருக்கணும், அதையும் பாத்துக்கோங்க.

கேள்வி: எங்க கார் சாவி போட்டுத் திருகுற பழைய மாடல்ண்ணே, இந்த எலக்ட்ரானிக் திருட்டெல்லாம் எங்களுக்கு வராதுல்ல?

மேல சொன்ன மாதிரி பெரும்பாலும் வராதும்மா, ஆனா இம்மொபிலைசர் இருக்கானு முதல்ல பாருங்க. சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும், அந்தச் சிப்ப அடையாளம் தெரிஞ்சாதான் இஞ்சின் ஓடும். ஐரோப்பாவுல 1998லயே புது கார்களுக்கு இத கட்டாயமாக்கிட்டாங்க, அமெரிக்காவுல கட்டாயமில்ல. அதனால அங்க வித்த பல ஹூண்டாய், கியா மாடல்கள்ல இது இல்லாம போய், 2022ல வீடியோ பாத்துட்டு சின்னப் பசங்கல்லாம் திருட ஆரம்பிச்சாங்க, வண்டிய வேகமா ஓட்டி உயிரும் போச்சு. மீட்டர்ல சாவி படமோ பூட்டு படமோ எரிஞ்சு அணையுதானு பாருங்க, மேனுவல்லயும் போட்டிருக்கும். இம்மொபிலைசர் இல்லனா ஒரு நல்ல எலக்ட்ரீசியன்கிட்ட மறைவா, இஞ்சின ஸ்டார்ட் ஆக விடாம பண்ற ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்க. ஓடிட்டு இருக்கும்போது தெரியாம கை பட்டு இஞ்சின் நின்னுடக்கூடாது, அத மட்டும் அழுத்திச் சொல்லிடுங்க.

கேள்வி: ஏர்பேக் ஒண்ணு பழைய பார்ட்ஸ் விக்கிற எடத்துல பாதி வெலைக்கு வருது, பில் இல்ல. வாங்கலாமா சார்?

வேணாம். வாங்கவே வாங்காதீங்க. இன்னொருத்தர் கண்ணாடிய உடைச்சு எடுத்ததா இருக்க வாய்ப்பு அதிகம், இப்படி பில் கேக்காம வாங்குறவங்க இருக்குறதாலதான் ராத்திரி ராத்திரி வண்டிங்க கீழ ரம்பம் ஓடுது, மேல வந்த முதல் கேள்விய எழுதினவரோட காசு போனதும் இதே சந்தையாலதான். உங்க உயிர் விஷயமும் இதுல இருக்கு. அது டூப்ளிகேட்டா, ஏற்கனவே வெடிச்சத மடிச்சு வச்சதா, தண்ணியில ஊறினதானு வெளிய இருந்து பாத்தா தெரியாது, மோதுற அந்த நொடியிலதான் தெரியும். இஞ்சின இயக்குற கம்ப்யூட்டரான ஈசியூவும் அப்படித்தான், பெரும்பாலும் அந்த வண்டியோட சாவிக்கும் சேசிஸ் நம்பருக்கும் சேத்து கோட் பண்ணியிருக்கும், உங்க வண்டியில மாட்டினா ஸ்டார்ட் கூட ஆகாம போகலாம். பழைய கதவு, பம்பர், சீட்டு வாங்குறதுல தப்பில்ல, எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு பில்லுல எழுதித் தர்ற எடத்துல வாங்குங்க.

கேள்வி: பார்ட்ஸ் மட்டும் திருடு போனா இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், நீங்களா பின்னாடி மாட்டின ஸ்டீரியோ, அலாய் வீல் எல்லாம் அதுல தனியா எழுதியிருக்கானு எடுத்துப் பாருங்க, எழுதலனா இப்பவே சேக்கச் சொல்லுங்க. அந்த சாமான்களோட பில்லையும் போட்டோவையும் டேஷ்போர்டுல போட்டு வைக்காம போன்லயோ மெயில்லயோ வச்சுக்கோங்க.