அகராதியை முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'ஏ' எழுத்திலிருந்து தொடங்கி, நாளொன்றுக்குப் பத்துச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. மறக்காதவையும் கைகொடுப்பதில்லை. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று தெரியும். ஆனால் அரசு ஒரு பிரச்சினையை 'அட்ரஸ்' செய்ய வேண்டும் என்று ஆங்கில நாளிதழில் வந்தபோது விளங்கவில்லை. ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிக்கு மாறச் சொல்கிறார் பேராசிரியர். அதைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை. எந்த வாக்கியத்திலும் சந்தித்திராத சொற்களை, அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதற்காகவே மனப்பாடம் செய்தால், அவை மறந்துபோவதுதான் இயல்பு. ஆகவே நாளுக்குப் பத்து என்னும் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். பாடத்திலோ செய்தியிலோ எதிர்ப்பட்டு, பொருள் புரியாமல் உங்களைத் தடுத்து நிறுத்திய சொற்களில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அவற்றைப் பற்றி அகராதி சொல்வதைக் கடைசி வரி வரை படித்தாக வேண்டும்.

'அட்ரஸ்' விஷயத்தில் நடந்தது இதுதான்: முதல் பொருளைக் கண்டதும் நீங்கள் அகராதியை மூடிவிட்டீர்கள். இன்னும் சற்றுக் கீழே பார்த்திருந்தால், அது வினைச்சொல்லாகவும் வரும் என்பதும், கூட்டத்தில் உரையாற்றுதல், ஒரு சிக்கலைக் கையிலெடுத்துத் தீர்க்க முற்படுதல் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு என்பதும் தெரிந்திருக்கும். அகராதியைத் திறக்கும் முன்பே, அந்த வாக்கியத்தில் சொல் பெயராக வந்திருக்கிறதா, வினையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'மஸ்ட்' என்பதற்குப் பின்னால் நின்றால் அது வினை. எனவே பெயர்ச்சொல்லுக்குரிய பகுதியைத் தாண்டி நேரே வினைப் பகுதிக்குச் செல்லலாம். உங்கள் வணிகவியல் பாடத்தில் வட்டியைக் குறிக்கும் 'இன்ட்ரஸ்ட்', வேறிடத்தில் ஆர்வத்தையும் நலனையும் குறிப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அடுத்து, உங்கள் பயம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கான அகராதி வேறு, அதைக் கற்போருக்கான அகராதி வேறு. முன்னதைப் பிரித்துப் பார்த்துத்தான் நீங்கள் மிரண்டிருக்க வேண்டும். கற்போர் அகராதியின் பிறப்பு நம் துணைக்கண்டத்தோடு தொடர்புடையது. டாக்காவில் பணியாற்றி, வங்காள மாணவர்கள் ஆங்கிலம் வாசிப்பதில் பட்ட சிரமத்தை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட், ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் வெளியிட்ட அகராதி, சொற்களையெல்லாம் 1490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. 1978இல் வந்த லாங்மேன் அகராதியும் ஏறத்தாழ 2000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கிக்கொண்டது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்றறிய, 'ஸ்பூன்', 'பிரிட்ஜ்', 'நெய்பர்' போன்ற நன்கு தெரிந்த சொற்களுக்கு அதில் தரப்பட்டுள்ள விளக்கங்களைப் படித்துப் பாருங்கள். அவை புரிந்தால் தயங்காமல் மாறலாம்.

மாறச் சொல்வதற்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, சக ஆசிரியர்கள் இருவருடன் தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியாகி, 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகவும் வந்த அகராதி, ஒரு வினைச்சொல்லுக்குப் பின் என்ன வரும், எந்த அமைப்பில் வரும் என்பதையும் சேர்த்தே காட்டியது. கற்பவருக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி இதுவே என்பேன். 'சஜஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கிவ் மீ', 'டெல் மீ' என்று சொல்லிப் பழகிய நம்மில் பலர், 'சஜஸ்ட் மீ எ குட் புக்' என்று எழுதிவிடுகிறோம். கற்போர் அகராதியிலோ, விளக்கத்தை ஒட்டியே தடித்த எழுத்தில் 'சஜஸ்ட் சம்திங் டு சம்படி' என்றும், 'சஜஸ்ட் டூயிங் சம்திங்' என்றும் அமைப்புகள் தரப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அதைப் பார்த்தவர் 'சஜஸ்ட் எ குட் புக் டு மீ' என்று சரியாக எழுதுவார். பரிந்துரை செய் என்று தமிழ்ப் பொருளை மட்டும் தரும் அகராதியால் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. அவ்வாறே, பெயர்ச்சொல்லின் அருகில் 'யூ' என்ற எழுத்து இருந்தால் அது எண்ண முடியாத பெயர். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை அவ்வகையினவாதலால் அவற்றோடு பன்மைக்குரிய 'எஸ்' சேராது.

உச்சரிப்பில் அழுத்தக் குறியையாவது பாருங்கள்: அழுத்திச் சொல்ல வேண்டிய அசைக்கு முன்னால், மேற்புறத்தில் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையிலும் 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுவதை அது காட்டிவிடும்.

நோட்டில் இனி ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதை நீங்கள் கண்ட வாக்கியம், அகராதி தரும் எடுத்துக்காட்டு, உங்கள் ஊரையோ வீட்டையோ கல்லூரியையோ பற்றி அச்சொல்லை வைத்து நீங்களே எழுதிய வாக்கியம் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் சொல்லை மட்டும் பார்த்து, மற்றவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு நினைவுகூர்ந்து பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவுகூர முயல்வதே மனத்தில் பதியவைக்கும். வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் தேடி ஓடாதீர்கள்; அடிக்கோடிட்டு, பொருளை ஊகித்து, பத்தியை முடித்த பிறகு சரிபாருங்கள். தலையங்கம் கடினமாக இருந்தால் சில மாதங்களுக்கு விளையாட்டுப் பக்கத்தையும் உள்ளூர்ச் செய்திகளையும் படியுங்கள்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்றின் கற்போர் அகராதிகளையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதால், உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு மரத்தின் பெயரையோ, நோயின் பெயரையோ, சட்டச் சொல்லையோ ஆங்கிலத்தில் நான்கு வரி படித்துப் புரிந்துகொள்வதைவிடத் தமிழில் ஒரே சொல்லில் அறிவது எளிது. அதுபோன்ற இடங்களில் தமிழ்ப் பொருளைக் கூச்சமின்றிப் பாருங்கள்.