பழைய இரட்டைக் கயாக் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 85 கிலோ, மனைவிக்கு 65, ஏழு வயது மகளுக்கு 25. சிம்கோ ஏரியில் குடும்பத்தோடு சுற்றவும் நான் மீன் பிடிக்கவும் ஒரே கயாக் போதுமென்று பார்க்கிறேன். பழைய ‘ஓஷன் கயாக் மலிபு டூ’ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: இருவர் போவதற்கென்றால் வாங்குங்கள். மூவரும் ஒன்றாக ஏறுவதற்கென்றால் வேண்டாம்.

மலிபு டூ 12 அடி நீளம், 34 அங்குல அகலம். தாங்கும் உச்சச் சுமை சுமார் 425 இறாத்தல், அதாவது 193 கிலோ. உங்கள் மூவரின் எடையே 175 கிலோ. உயிர்காப்பு அங்கி, துடுப்பு, தூண்டில், நங்கூரம், சாப்பாடு என்று 15 கிலோ சேர்ந்தால் 190 ஆகிவிடும். உச்சச் சுமைக்குப் பக்கத்தில் போனால் படகு மிதக்கும், ஆனால் நன்றாக ஓடாது. அதில் 70 சதவீதத்துக்குள் நிற்பதே நல்லது. மிஞ்சினால் படகு தாழ்ந்து, தளத்திலுள்ள வடிதுளைகள் வழியாகத் தண்ணீர் மேலேறி இருக்கையில் தேங்கும். துளைகளை அடைத்தாலோ, அலை உள்ளே எறியும் தண்ணீர் வடிய வழியிராது.

நீங்களும் மகளும் போனால் சாமானோடு 125 கிலோ. அது 65 சதவீதம்தான், நிம்மதியாகப் போகலாம். நீங்களும் மனைவியும் என்றால் 165 கிலோ. காற்றில்லாத காலையில், சிம்கோ ஏரியின் தென்பகுதியான குக்ஸ் குடாவின் கரையோரமாகச் சமாளிக்கலாம். மூவருக்கும் கணக்குப் போட்டால் 600 இறாத்தல் தாங்கும் படகு வேண்டும். பழையதில் அது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் காரின் கூரையில் ஏற்றுவது பெரும்பாடு. அதைவிட இந்த இரட்டைக் கயாக்கோடு பழைய ஒற்றைக் கயாக் ஒன்றையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

மலிபு டூவில் எனக்குப் பிடித்தது அதன் நடு இருக்கைக் குழி. இரட்டைக் கயாக்கில் தனியாளாகப் பின்னால் அமர்ந்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும், தூண்டிலைக் கவனிக்கவே முடியாது. நடுவில் அமர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. இருவர் போகும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தூண்டில் வீசுங்கள், மற்றவர் கையில் துடுப்பு இருக்கட்டும். பின்னாலிருந்து வீசும் கொக்கி முன்னால் இருப்பவரின் தலைக்குப் பக்கமாகத்தான் போகும். முன்னால் இருப்பது உங்கள் மகள்.

கேள்வி: பழைய கயாக்கை விற்பவர் வீட்டில் எதையெல்லாம் சோதிப்பது?
– பிராம்ப்டன் வாசகி

பதில்: பகல் வெளிச்சத்தில் போய், முதலில் படகைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல் எல்லாப் பழைய படகிலும் இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது பின்முனையின் அடிப்பக்கம். தரையில் இழுத்துப் போகிறவர்கள் தேய்ப்பது அந்த இடத்தைத்தான். கட்டைவிரலால் அழுத்துங்கள். மற்ற இடங்களைவிட எளிதாக உள்வாங்கினால் பிளாஸ்டிக் மெலிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து வடிதுளைகள். சில தள்ளுவண்டிகளின் கம்பிகள் இந்தத் துளைகளுக்குள்தான் நுழையும். படகின் எடை முழுவதும் அங்கே இறங்குவதால் துளையின் உட்சுவரில் மெல்லிய வெடிப்பு விழும். டோர்ச் அடித்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். பிறகு படகின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, வடிகால் அடைப்பைத் திறந்து படகின் உட்புறத்துக்குள் பத்து லிட்டர் தண்ணீர் விட்டு மூடுங்கள். முன்னும் பின்னும், இடமும் வலமுமாகச் சாய்த்து, ஒவ்வொரு நிலையிலும் சில நிமிடம் வையுங்கள். கசிவு இருந்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

இந்தப் படகுகள் பொலிஎத்திலீனால் ஆனவை. சாதாரணப் பசையோ ஃபைபர்கிளாஸ் ஒட்டோ அதில் நிலைக்காது. வெடிப்பின் மேல் சிலிக்கன் பூசியிருந்தால் படகை விட்டுவிடுங்கள். பள்ளம் விழுந்திருப்பது வேறு விஷயம். வெயிலில் வைத்தாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிறம் வெளிறி, தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால், வெயில் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிட்டது. அது நொறுங்கும். தூண்டில் தாங்கி கழற்றிய திருகாணித் துளைகளையும் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் தண்ணீர் புகும் வழி.

பின்முனையின் வலப்பக்கத்தில் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மொடல் ஆண்டு. அது சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி வாருங்கள்.

புதியதன் விலையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். இருக்கை கிழிந்திருந்தாலோ துடுப்பு இல்லாவிட்டாலோ இன்னும் குறையுங்கள். மே, ஜூனில் எல்லோரும் தேடுவார்கள். செப்டெம்பரில் வாடகை நிலையங்களும் தங்கள் படகுகளை விற்கும்போது பேரம் எளிது.

கேள்வி: கயாக்கில் சிறிய மின்மோட்டார் பூட்டினால் அனுமதி வேண்டுமா?
– ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: கனடாவில் மின்மோட்டாரானாலும் படகு ஓட்டுநர் அட்டை கட்டாயம். துடுப்பு வலிப்பதற்கு அது தேவையில்லை. மலிபு டூ போல, மூடிய உடலின் மேலே அமரும் கயாக்கைத் துடுப்பால் மட்டும் ஓட்டும்போது, எல்லோரும் அளவான உயிர்காப்பு அங்கியை அணிந்திருந்தால், பகலில் சட்டம் கேட்பது ஒரு விசில்தான். இருட்டினால் விளக்கும் வேண்டும். ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமமும் தேவை.

மே மாதம் வெயிலடித்தாலும் ஏரி கடுங்குளிராகவே இருக்கும். காற்றின் சூட்டைப் பார்க்காமல் தண்ணீரின் சூட்டுக்கேற்ப உடுத்துங்கள். கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறும் பயிற்சியை ஜூலையில், இடுப்பளவு தண்ணீரில், குடும்பத்தில் ஒவ்வொருவரும் செய்து பழகுங்கள்.