மொபைல் ஹோம் பார்க்: வாடகை, நோட்டீஸ், விற்பனை (கேள்வி பதில்)

கலிஃபோர்னியாவில் மொபைல் ஹோம் பார்க்குகளில் (தொழிற்சாலையில் கட்டிய வீட்டை வாடகை இடத்தில் நிறுத்தி வாழும் குடியிருப்புகளில்) குடியிருப்பவர்களுக்கு உதவும் ஒரு சட்ட உதவிக் குழுவை நடத்துகிறேன். இங்கே சொல்வது பொதுத் தகவல்தான், உங்கள் கேஸுக்கு உங்கள் காகிதங்களைப் பார்த்த வக்கீலிடம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சன்னிவேல்): அக்கா, அபார்ட்மென்ட் வாடகை கட்டி மாளவில்லை. மொபைல் ஹோம் வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வீடு உங்களுடையது, அது நிற்கிற மண் பார்க் உரிமையாளருடையது. கடன் என்றைக்காவது தீரும், இட வாடகைக்கு முடிவே கிடையாது. விற்பவர் இன்று கட்டும் வாடகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பல ஊர்களில் வீடு கைமாறும்போது வாடகையை ஏற்றிக்கொள்ளலாம், அதனால் உங்களுக்கு எவ்வளவு என்று பார்க் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். உங்களை ஏற்பதா இல்லையா என்று, கேட்ட விவரமெல்லாம் கொடுத்தபின் 15 வேலை நாளுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். வாடகை கட்டும் வசதி இல்லை, அல்லது முன்பு இருந்த இடங்களில் விதிகளை மீறியவர், முக்கியமாக இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் மறுக்கலாம். முகம் பிடிக்கவில்லை என்பது காரணம் இல்லை.

அப்புறம் டைட்டில், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம். இது வாகனப் பதிவு அலுவலகமான டி.எம்.வி.யின் வேலை இல்லை, மாநில வீட்டுவசதித் துறையான எச்.சி.டி.யின் வேலை. எங்களிடம் அடிக்கடி வரும் கதை இதுதான்: ஒரு பெரியவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கியிருப்பார்கள், ஒரு காகிதத்தில் "விற்றேன்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள், டைட்டிலைத் திறந்து பார்த்தால் அதில் அந்தப் பெரியவர் பெயரே இருக்காது, அவருக்கு முன்பு இருந்து இறந்துபோனவர் பெயர் இருக்கும். கூடவே பல வருடக் கட்டண பாக்கி. பணம் கொடுப்பதற்கு முன்பே எச்.சி.டி.யில் டைட்டில் தேடுங்கள், முடிந்தால் எஸ்க்ரோ வழியாக (காகிதம் சரியாகும் வரை பணத்தை நடுவர் ஒருவர் வைத்திருக்கும் முறை) வாங்குங்கள்.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருக்கப்போகிறார்கள். 20 நாளுக்கு மேல் தங்கினால் விருந்தாளிக் கட்டணம் என்கிறார் மேனேஜர். சரியா?

இந்தக் கேள்விக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தேன்! மேனேஜர் சொல்வது பாதி சரி. தொடர்ந்து 20 நாள், அல்லது ஒரு வருடத்தில் மொத்தம் 30 நாள் தாண்டாத விருந்தாளிக்குக் கட்டணம் கேட்கக்கூடாது, தாண்டினால் கேட்கலாம். ஆனால் அடுத்த பிரிவைப் படியுங்கள், கலிஃபோர்னியா சிவில் சட்டம் 798.35. நெருங்கிய குடும்பத்தினர் எத்தனை பேர் என்று பார்த்துக் கட்டணம் போடக்கூடாது என்கிறது அது. அந்தக் குடும்பத்தில் யார் யார் என்றும் அதுவே சொல்லிவிடுகிறது: வீட்டுக்காரர், அவர் துணை, இருவரின் பெற்றோர், பிள்ளைகள், 18 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகள். மாமனார் மாமியாரும் இதில் அடக்கம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் என்ற வரம்போ, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பார்க் என்ற விதியோ இருந்தால் அது வேறு விஷயம், தனியாகப் பாருங்கள். இன்னொன்று, இதெல்லாம் வீடு உங்கள் பெயரில் இருந்து இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு.

கேள்வி (சான் ஓசே): வாடகையை ஏற்றிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

90 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மாநிலம் முழுக்கப் பொதுவான உச்சவரம்பு கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் நகர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு, நகர வீட்டுவசதி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். முன்பெல்லாம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையில் கையெழுத்து வாங்கிவிட்டால் உள்ளூர் வாடகைக் கட்டுப்பாடு அந்த வீட்டைத் தொடாது. 2020-ல் வந்த ஏபி 2782 என்ற மாநிலச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது, பழைய குத்தகைகளுக்கும் 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் கத்துவது எதனால் என்று இப்போது புரிகிறதா?

கேள்வி (ஹேவர்ட்): வாடகை 12% ஏறியிருக்கிறது, அநியாயமில்லையா?

மேலே சொன்னதுதான்.

கேள்வி (டாலஸ்): இங்கேயும் இதே சட்டமா மேடம்?

இல்லை. டெக்ஸஸ் சொத்துச் சட்டத்தில் 94-ஆம் அத்தியாயம், அங்கே வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. உங்கள் ஊர்ச் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.

கேள்வி (சான் ஓசே): நான் வக்கீல் இல்லை. உங்கள் குழுவில் உதவ முடியுமா? குழுவை எப்படி நடத்துகிறீர்கள்?

தாராளமாக. கதவைத் தட்டவும், ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி பேசவும், ஷூ பெட்டி நிறைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கவும் ஆள் வேண்டும். போன் எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, "என்ன பிரச்சினை" என்று ஆரம்பிக்காதே, "கையில் என்ன காகிதம், அதில் என்ன தேதி" என்று கேள். பிரச்சினையைக் கேட்டால் பத்து வருடக் கதை வரும், தேதியைக் கேட்டால் இன்று ஓட வேண்டுமா நாளை போதுமா என்று தெரிந்துவிடும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது, நீதிமன்றத் தேதிகள் மட்டும் சிவப்பில். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

தலைவலி வேறு இடத்தில். ஒரு பார்க்கில் எல்லாருக்கும் தண்ணீர்ப் பில் தப்பாக வருகிறது என்று வையுங்கள். எங்களிடம் வந்த ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாயடைத்துவிடுவார்கள். அவருக்கு அது நல்லது, வக்கீலாக அதைத் தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. மற்ற வீட்டுக்காரர்கள் அப்படியே இருப்பார்கள். அதனால் பார்க்கின் பொதுக்கூடமான கிளப்ஹவுஸில் கூட்டம் போடச் சொல்கிறோம். நியாயமான நேரத்தில் அங்கே கூடிப் பேச உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, மேனேஜர் தயவு வேண்டாம். யாரை நாங்கள் பிரதிநிதித்துவம் செய்கிறோம், குடியிருப்போர் சங்கத்தையா, தனி ஆளையா என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். (ஆமாம், இந்தக் கையெழுத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள்.)

கேள்வி (கூப்பர்டினோ): நண்பர்களோடு சேர்ந்து மொபைல் ஹோம் பார்க்குகளை வாங்கும் முதலீட்டு ஃபண்டில் 50,000 டாலர் போட்டிருக்கிறேன். நிலம் உரிமையாளருடையது, வாடகை பிடிக்காவிட்டால் போகட்டுமே. வாடகைக் கட்டுப்பாடு அவர் சொத்தைப் பறிப்பதுதானே?

அந்தப் "பறிப்பு" வாதத்தை 1992-ல் எஸ்கோண்டிடோ வழக்கில் பார்க் உரிமையாளர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். வாடகைக் கட்டுப்பாடு நிலத்தைக் கைப்பற்றியதாக ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அதை விடுங்கள். "போகட்டுமே" என்றீர்களே, எங்கே? இந்த வீட்டைப் பிரித்து, லாரியில் ஏற்றி, வேறு இடத்தில் நிறுத்த ஆயிரக்கணக்கில் ஆகும். 1976 ஜூனில் மத்திய அரசுத் தரவிதி வருவதற்கு முன் கட்டிய வீடு என்றால் பல பார்க்குகள் உள்ளேயே விடாது. இடம் பெயர முடியாத வாடகைதாரர் என்பதுதானே உங்கள் ஃபண்டின் விளம்பரத்தாளில் முதல் கவர்ச்சி? எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (அதே கூப்பர்டினோ): உணர்ச்சிவசப்படுகிறீர்கள். வாடகை குறைவாக இருந்தால் அந்த ஆதாயம் வீட்டு விலையில் ஏறிவிடும், அடுத்து வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுப்பார். ஏழைக்கு என்ன லாபம்?

இது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். கட்டுப்பாடு வந்தபோது உள்ளே இருந்தவருக்குத்தான் பெரிய ஆதாயம், அடுத்தவர் அதை விலையாகக் கட்டுகிறார். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மாத வாடகை 100 டாலர் ஏறினால் வருடத்துக்கு 1,200. வருடத்துக்குப் பத்து சதவீத வருமானம் என்று வைத்து மதிப்பிட்டால் வீட்டு விலையில் 12,000 டாலர் போச்சு. அது காற்றில் போகவில்லை, நிலத்தின் மதிப்பாக மாறி உங்கள் ஃபண்டுக்குள் வருகிறது. ஒரு பாட்டியின் சேமிப்பு என்று நான் சொன்னால் உணர்ச்சி என்பீர்கள், அதனால் எண்ணாகவே சொல்லிவிட்டேன்.

கேள்வி (மில்பிட்டாஸ்): சண்டையில் நடுவே வருகிறேன். குடியிருப்பவர்களே பார்க்கை வாங்கிக்கொள்ள முடியாதா?

முடியும். நியூ ஹாம்ஷைரில் மெரிடித் என்ற ஊரில் 1984-லேயே ஒரு சமூகக் கடன் நிதியின் துணையோடு கூட்டுறவாக வாங்கினார்கள். அந்த வழியைப் பரப்ப 2008-ல் ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு தொடங்கியது. கலிஃபோர்னியாவில் பார்க் விற்பனைக்கு வந்தால் சங்கத்துக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டு. ஆனால் சங்கம் இருந்து, பொறுப்பாளர்களின் பெயரையும் முகவரியையும் உரிமையாளருக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருந்தால்தான். தானாகத் தேடிவந்து கேட்கும் ஆளுக்கு விற்றால் அந்த அறிவிப்பும் வேண்டியதில்லை. ஆகவே சங்கத்தை இப்போதே பதியுங்கள்.

கேள்வி (சாக்ரமென்டோ): மேனேஜர் தன் மூலமாகத்தான் வீட்டை விற்க வேண்டும் என்கிறார்.

தேவையில்லை. எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

கேள்வி (சான்டா கிளாரா): எச்-1பி விசாவில் இருக்கிறேன். புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினையா? இலவச வக்கீல் கிடைப்பாரா?

விசா கேள்விக்குக் குடியேற்ற வக்கீல். பார்க் குடியிருப்பாளர் சட்டம் உங்கள் விசாவைக் கேட்பதில்லை. இலவச வக்கீலுக்குப் பெரும்பாலும் வருமான வரம்பு உண்டு, ஐ.டி. சம்பளத்துக்குக் கஷ்டம். ஆனால் எச்.சி.டி.யில் புகார் கொடுக்கலாம். ஒரு இடத்துக்கு வருடம் 10 டாலர் கட்டணத்தில் நடக்கும் திட்டம் அது, 2020 ஜூலையில் தொடங்கியது. உங்கள் புகாரை எச்.சி.டி. தேர்ந்தெடுத்தால் இரு தரப்பும் 25 நாள் பேசித் தீர்க்கச் சொல்வார்கள், தீராவிட்டால் சட்ட உதவி மையத்துக்கு வரலாம்.

கேள்வி (ஓக்லாந்து): வாடகை ஏறினால்...

ஊர், நோட்டீஸ் தேதி, கையெழுத்திட்ட குத்தகை. மூன்றும் இல்லாமல் இனி வாடகைக் கேள்விக்குப் பதில் கிடையாது. கோபத்தில் வாடகையை நிறுத்தவும் வேண்டாம். ஐந்து நாள் தாமதமானால் மூன்று நாள் நோட்டீஸ் வரும், அந்த மூன்று நாளுக்குள் கட்டினால் தப்பிக்கலாம். 12 மாதத்தில் மூன்று முறை அப்படி வாங்கிவிட்டால் அதற்கப்புறம் கட்டினாலும் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி (சான் ஓசே): அண்டை வீட்டு அம்மாவுக்கு நீதிமன்றத்திலிருந்து "அன்லாஃபுல் டீடெய்னர்" என்று காகிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது.

மற்ற கேள்விகள் இருக்கட்டும். இது வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்கு. காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் 10 நீதிமன்ற வேலை நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். 2025-க்கு முன் ஐந்தே நாள்தான். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது, ஆனால் அதை நம்பி ஆறப்போடாதீர்கள். நாளைக் காலையே அவரை நீதிமன்றத்தின் சுய உதவி மையத்துக்கோ சட்ட உதவி அலுவலகத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள், உறையோடு எல்லாக் காகிதமும் எடுத்துப் போங்கள். மேனேஜர் "ஒத்துக்கொண்டு போய்விடலாம்" என்று ஏதாவது நீட்டினால் தொடவே வேண்டாம்.