குவாதலூப்புக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கரீபியன் தீவுகளைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி குவாதலூப்பைப் பற்றியவைதான். அது பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு, புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களும் அதிகம் என்பதால் அது இயல்பு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

கே: பிரான்ஸ் போக ஷெங்கன் விசா எடுத்திருக்கிறேன். குவாதலூப்பும் பிரான்ஸ்தானே, அப்படியே ஒரு நடை போய்விட்டு வரலாமா? (கோவை வாசகர்)

இந்த விசாவை நம்பி விமானம் ஏறிவிடாதீர்கள். குவாதலூப் 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புகிறது, புழங்குவது யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்திலும் அடக்கம். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் போகிறேன் என்று எழுத வேண்டும். கடல் கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்ற குறிப்பு விசாவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாரிஸிலிருந்து தீவுக்குப் போகும் விமானங்களில் பல ஓர்லி விமான நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இறங்குவதோ ஷார்ல் த கோலில். இரண்டுக்கும் நடுவில் பாரிஸ் நகரமே கிடக்கிறது. அதைக் கடக்க ஷெங்கன் விசா வேண்டும், தீவில் இறங்க மற்றது வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே கேட்டு வாங்குங்கள். ஓர்லியிலிருந்து எட்டரை மணி நேரப் பயணம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கே: எந்த மாதம் போவது நல்லது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழை குறைவு, வெயிலும் தாங்கும். டிக்கெட் விலைதான் தாங்காது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 1989 செப்டம்பரில் அடித்த ஹியூகோ புயலை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

புயலைவிட அடிக்கடி பயணத்தைக் கெடுப்பது சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் மேடாக ஒதுங்கும். இரண்டு நாளில் அழுகி முட்டை நாற்றம் எடுக்கும். அந்த வாயு உடம்புக்கும் ஆகாது. விடுதி எடுக்கும் முன் அந்த வாரம் எந்தக் கரையில் பாசி ஒதுங்கியிருக்கிறது என்று விசாரியுங்கள். மேற்குக் கரையில், தேயே, மலாந்தூர் பக்கம் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. விளம்பரப் படங்களில் வரும் வெள்ளை மணல் மட்டும் கிழக்கே, பாசி வரும் கரைகளில்தான் அதிகம்.

கே: அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே, தமிழ் பேசுவார்களா? எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கப்பலேறிப் போனதாக வீட்டில் சொல்வார்கள். (காரைக்கால் வாசகர்)

உங்கள் வீட்டுப் பேச்சில் உண்மை இருக்கலாம். 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. தோட்ட முதலாளிகளின் கண்ணில் பட்டவை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியும் காரைக்காலும். 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரேலி என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தைப் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர் இப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள். 1861-ல் பிரிட்டனோடு உடன்பாடு ஏற்பட்டபின் கல்கத்தாவிலிருந்தும் ஆள் பிடித்தார்கள் என்றாலும் தென்னிந்தியர்களே அதிகம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் ஒரு சிறு பங்குதான். நோயிலும் வேலைக் கொடுமையிலும் மாண்டவர்கள் ஏராளம்.

தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளை அங்கேயே பிறந்திருந்தும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க நிர்வாகம் மறுத்தது. கபெஸ்தேர் ஊரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் இதை எதிர்த்து 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் குடியுரிமை உறுதியானது. வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டிய மனிதர் இவர்.

மொழி போய்விட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. பெயர்ப்பலகைகளில் முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயரும் பின்னால் ராமசாமி, முத்துசாமி, நாகப்பன் என்று உச்சரிப்பு மாறிய குடும்பப் பெயருமாக இருக்கும். லெ மூல், சேன்-ஃபிரான்சுவா, போர்-லூயி, கபெஸ்தேர் ஆகிய ஊர்களில் அதிகம் காணலாம். எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை; பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனம் கேட்பதில்லை. உறவைத் தேடுவதானால் கப்பல் பட்டியல்களிலிருந்தும் ஊராட்சிப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்தும் தொடங்குங்கள். தெருவில் கண்டவரிடம் "உங்க பூர்வீகம் எது?" என்று ஆரம்பித்தால் சங்கடம்தான் மிஞ்சும். அவர் தன்னை முதலில் குவாதலூப்காரராகத்தான் நினைக்கிறார்.

கே: மாரியம்மன் கோயிலில் ஆடு வெட்டுவதாகக் கேள்விப்பட்டேன். நம்மூர் குருக்கள் யாராவது போய் முறையான பூஜையைச் சொல்லித்தரக் கூடாதா? (சென்னை வாசகர்)

கூடாது என்பது என் கருத்து. முறை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்கள் கொண்டுபோனது கிராம தெய்வ வழிபாடு. மாரியம்மன், மதுரைவீரன், வேண்டுதல், கிடா, சேவல், தப்பு, வேப்பிலை. நம் கிராமங்களில் இன்றும் நடப்பதுதான். பாதிரியாரும் தோட்ட அதிகாரியும் முகம் சுளித்த காலத்திலும் இதை விடாமல் காத்திருக்கிறார்கள். இப்போது நாம் போய் முகம் சுளிப்பது நியாயமாகப் படவில்லை.

கபெஸ்தேர்-பெல்-ஓ ஊரை ஒட்டிய ஷாஞ்ஜியில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே, வண்ணச் சிற்பங்களோடு பெரிய கோயில் இருக்கிறது. காரில் போகிறவர்கள் தவறவிட முடியாது. பல இடங்களில் சடங்கு ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடனாக நடப்பது. தமிழ்ப் பாட்டுகளை லத்தீன் எழுத்தில் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுவார்கள். பாடுகிறவருக்கு எல்லா வரிக்கும் பொருள் தெரியாது. ராகமும் உச்சரிப்பும் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு வந்தவை. பலி முடிந்ததும் சமைத்து வாழையிலையில் பந்தி. அழைத்தால் உட்காருங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அதே குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் இருக்கும், அதில் அவர்களுக்குக் குழப்பம் ஏதும் இல்லை. நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும். அந்த நாள்களில் மூத்தோருக்குப் படையல் போடும் வழக்கமும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் உண்டு.

கே: கொலம்போ என்றொரு கறி உண்டாமே? கொழும்பிலிருந்து போனதா? (யாழ்ப்பாண வாசகர்)

நம் குழம்பின் வழி வந்ததாக அங்கே சொல்வார்கள். பெயரை விட்டுவிட்டுப் பொடியைப் பாருங்கள். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு. நம் வீட்டுப் பொடியில் உள்ள முக்கியமான ஒன்று இதில் இருக்காது: மிளகாய். காரம் தனியாக, அந்த ஊரின் குட்டை மிளகாயிலிருந்து வரும். சமையல்காரர் அதை முழுதாக, கீறாமல் கொதிக்கும் கறியில் மிதக்கவிட்டு, உடைவதற்குள் எடுத்துவிடுவார். வாசனை இறங்கும், காரம் கொஞ்சமே இறங்கும். உடைந்துவிட்டால் கதை வேறு. ஆட்டுக்கறி கொலம்போதான் சிறந்தது என்பேன். கோழிக் கொலம்போ சுற்றுலாக் கடைகளில் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். தைம் தழை போடுவார்கள், எலுமிச்சை பிழிவார்கள், சோற்றோடு சாப்பிடுவார்கள். கொலம்போ இன்று இந்திய வம்சாவளியினரின் பண்டம் மட்டும் என்று யாரும் நினைப்பதில்லை, கல்யாண விருந்தில் எல்லார் வீட்டிலும் உண்டு.

கே: பெண்கள் தலையில் கட்டும் மதராஸ் துணி நம்முடையதா?

ஆம், சென்னைக் கரையிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோன கட்டம் போட்ட பருத்தித் துணிதான் மூலம். ஒப்பந்தக் கூலிகள் போவதற்கு வெகுமுன்பே துணி போய்விட்டது. தலைக்கட்டின் முனைகளை எண்ணி, ஒன்றென்றால் மனசு காலி, இரண்டென்றால் ஆள் உண்டு என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். ரசியுங்கள், ரொம்ப நம்பாதீர்கள். புயல் மாதம்தான் என்றாலும், ஆகஸ்டில் புவாந்த்-ஆ-பீத்ரில் நடக்கும் சமையல்காரப் பெண்களின் திருவிழாவில் இந்த உடையைப் பார்க்க வேண்டும். புனித லோரான் திருநாளை ஒட்டி, தேவாலயத்தில் பூசை முடிந்து, உணவுக் கூடைகளோடு ஊர்வலம் போவார்கள்.

கே: இவ்வளவு தூரத்தில் இருக்கும் தீவு ஏன் இன்னும் பிரான்ஸை விட்டுப் பிரியவில்லை? (கல்லூரி மாணவி, திருச்சி)

நல்ல கேள்வி. குவாதலூப் கேட்காமல் இருந்ததில்லை. 1794-ல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினான். லூயி தெல்கிரேஸ் என்ற கலப்பின ராணுவ அதிகாரி எதிர்த்து நின்றார். தோல்வி உறுதியானபோது, மே 28 அன்று மத்தூபாவில் சுமார் 300 பேரோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டு மாண்டார். அதே கிளர்ச்சியில் பிடிபட்ட சொலித்யூத் என்ற கர்ப்பிணியை, பிள்ளை பெறும்வரை காத்திருந்து, மறுநாள் கொன்றார்கள். அதன்பின் 46 வருடம் மறுபடி அடிமைமுறை. இதைப் புரிந்துகொள்ள புவாந்த்-ஆ-பீத்ரில் பழைய சர்க்கரை ஆலை நிலத்தில் 2015-ல் திறந்த மெமோரியல் ஆக்ட் நினைவகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

1946-ல் மாவட்டம் ஆக்கச் சொல்லிக் கேட்டவர்கள் தீவுகளின் இடதுசாரிகளே. பிரான்ஸில் கிடைக்கும் கூலியும் பள்ளியும் மருத்துவமும் எங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது மெல்ல மெல்லத்தான் கிடைத்தது. 1967 மே மாதம் கூலி உயர்வு கேட்டவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 2009-ல் விலைவாசியை எதிர்த்து 44 நாள் பொது வேலைநிறுத்தம். ஆனால் 2003-ல் நிர்வாக அமைப்பை மாற்றலாமா என்று வாக்கெடுத்தபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். கோபமும் வேண்டும், ஓய்வூதியமும் வேண்டும் என்ற இந்த நிலையை முரண்பாடு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது கணக்குத் தெரிந்தவர்களின் நிலையாகத்தான் படுகிறது.

கே: எரிமலை ஏறலாமா? ஆபத்தில்லையா?

சூஃப்ரியேர் 1,467 மீட்டர். ஏற இரண்டு மணி நேரம் ஆகும், உச்சியில் மேகம் மூடினால் பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார். காலை சீக்கிரம் தொடங்குங்கள். வாயு வெளியேறும் பகுதிகளை வேலி போட்டு மூடியிருப்பார்கள், தாண்டாதீர்கள். 1976-ல் மலை புகைந்தபோது 70,000-க்கும் அதிகமானோரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். பெரிய வெடிப்பு வரவில்லை, யாரும் சாகவில்லை. வெளியேற்றியது சரியா என்று இரண்டு பிரெஞ்சு நிலவியலாளர்கள், அலேக்ரும் தாசியெஃப்பும், நாடறியச் சண்டை போட்டார்கள்.

கே: அங்கே மண்ணில் விஷம் என்கிறார்களே, சாப்பாடு பாதுகாப்பானதா?

வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். பிரான்ஸில் 1990-லேயே தடை. தீவுகளுக்கு மட்டும் விலக்கு அளித்து மூன்று வருடம் நீட்டினார்கள். அது மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அதன் தடயம் இருக்கிறது. தீவு மக்கள் பாரிஸை நம்பாததற்கு இன்றைய முதல் காரணம் இதுதான். சில நாள் போய்வருகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. சாலையோரத்தில் விற்கும் சேனை, சேம்பு வகைக் கிழங்குகளையும் தீவின் மேற்குப் பாதியான பாஸ்-தேரின் தெற்குப் பக்க ஆற்று மீன், இறாலையும் தவிர்த்தால் போதும். வாழைப்பழத்துக்குள் அது ஏறுவதில்லை.

கே: கார் எடுக்க வேண்டுமா? சைவம் கிடைக்குமா? ஆங்கிலம் போதுமா? (பலர்)

கார் கட்டாயம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப முடியாது, வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். சைவம் சிரமம். சந்தையில் காய்கறி, பழம் வாங்கிச் சமைக்க அடுப்படி உள்ள வாடகை வீடு எடுங்கள். பதிவு செய்யும் முன் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், குழாய்கள் பழசாகிப் பல ஊர்களில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஆங்கிலம் போதாது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். சொல்லாமல் கேட்டால் பதில் வராது.